நீக்கச் சொன்னது 30, நீங்கியது 270

சென்ற வாரம் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் ‘வேர்’ (WHERE) பகுதியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டு, வேண்டிய வரிசைகளை எடுத்தோம். வேண்டாதவற்றைக் கழிப்பது அதைவிடக் கடினம். தவறான வரிசை உள்ளே வந்துவிட்டால் திரையில் பார்த்துவிடலாம். நல்ல வரிசை வெளியே போய்விட்டால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

ஒரு புத்தகக் கடையின் அட்டவணையில் 1,000 ஆர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலத்து ஆர்டர்கள் 200. எல்லா ஊர்களிலும் சேர்த்து ரத்தானவை 100. அவற்றில் சேலத்தைச் சேர்ந்தவை 30. இந்த 30 மட்டும் அறிக்கையில் வரக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

வேர் ஊர் <> 'சேலம்' அண்ட் நிலை <> 'ரத்து'

வாய்விட்டுப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘அண்ட்’ போட்டதும், ஒவ்வொரு வரிசையும் இரண்டு சோதனையிலும் தேற வேண்டும். எனவே சேலத்தின் 200 ஆர்டர்களும் போகும். பிற ஊர்களில் ரத்தான 70 ஆர்டர்களும் போகும். மிஞ்சுவது 730. சரியான வடிவம் இது:

வேர் நாட் (ஊர் = 'சேலம்' அண்ட் நிலை = 'ரத்து')

அடைப்பை நீக்கி எழுத வேண்டுமானால் நடுவிலுள்ள ‘அண்ட்’ ‘ஆர்’ ஆக மாற வேண்டும். ஊர் சேலமாக இல்லாமலிருந்தாலும் போதும், நிலை ரத்தாக இல்லாமலிருந்தாலும் போதும், வரிசை தங்கிவிடும். இப்போது 970 வரும்.

இந்த மாற்றத்துக்கு டி மார்கன் விதி என்று பெயர். ஆகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர், 1828இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். இந்த உண்மை இடைக்காலத் தர்க்க அறிஞர்களுக்கே தெரியும் என்றாலும், அதைக் குறியீடுகளில் வடித்த பெருமை அவருடையது. மதுரைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

‘அண்ட்’, ‘ஆர்’ இரண்டும் ஒரே வரியில் வந்தால் எஸ்க்யூஎல் ‘அண்ட்’டைத்தான் முதலில் சேர்த்துப் பார்க்கும். அடைப்புக்குறி போட்டுவிடுங்கள், கட்டாயமில்லாத இடத்திலும் போடுங்கள்.

இனிதான் உண்மையான கண்ணி. சில ஆர்டர்களில் ‘நிலை’ நிரப்பப்படாமல் ‘நல்’ என்று கிடக்கலாம். அது வெற்றுச் சொல்லும் அல்ல, பூஜ்யமும் அல்ல. விவரம் இல்லை என்று பொருள். அதை ‘ரத்து’ என்பதோடு ஒப்பிட்டால் உண்மை, பொய் இரண்டுமே விடையாக வராது. ‘தெரியாது’ என்று வரும். ‘தெரியாது’க்கு முன்னால் ‘நாட்’ போட்டாலும் ‘தெரியாது’தான். ‘வேர்’ உண்மையானதை மட்டுமே உள்ளே விடும்.

சென்னை ஆர்டரில் நிலை ‘நல்’ என்றால் ஆபத்தில்லை. ஊர்ச் சோதனையே பொய்யாகிவிடுவதால் அடைப்புக்குள் இருப்பது முழுவதும் பொய். ‘நாட்’ அதை உண்மையாக்கிவிடும். சேலத்து ஆர்டரில் நிலை ‘நல்’ என்றால் ‘தெரியாது’ வந்து, ரத்தாகாத ஆர்டரும் சத்தமில்லாமல் காணாமல் போகும். உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வெளியிட்ட எட்கர் காட் இந்த மூன்று விடைத் தர்க்கத்தை ஆதரித்தார். அவரோடு சேர்ந்து உழைத்த கிறிஸ் டேட் கடுமையாக எதிர்த்தார். எனக்கு டேட் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் ‘நல்’ நம் அட்டவணைகளில் குடியேறிவிட்டது. அதோடுதான் வேலை செய்ய வேண்டும்.

நிபந்தனையின் முடிவில் ‘ஆர் நிலை இஸ் நல்’ என்று சேர்த்தால் அந்த வரிசைகள் திரும்பிவிடும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் ‘நாட்’டை விட்டுவிட்டு, அடைப்புக்குப் பின்னால் ‘இஸ் நாட் ட்ரூ’ என்றும் எழுதலாம்.

‘டெலீட்’ கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனையை அப்படியே கொடுத்து எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ‘நாட்’ சேர்த்து மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். குறைந்தால், குறைகிற அத்தனை வரிசைகளிலும் எங்கோ ஒரு ‘நல்’ இருக்கிறது.

(தொடரும்)