கொலொம்போ என்கிற குழம்பு

கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் ஆட்டுக்கறிக் குழம்புக்குக் 'கொலொம்போ' என்று பெயர். அதற்குப் போடும் மசாலைத்தூளும் கொலொம்போதான். கொழும்பு நகரின் பெயரிலிருந்து வந்த சொல் இது என்பவர்கள் உண்டு. நம் 'குழம்பு'தான் அங்கே இப்படித் திரிந்தது என்பவர்களும் உண்டு. சந்தையில் அந்தத் தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்ததும் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

குவாதலூப், பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. செலவழிப்பது யூரோ, பள்ளிகளில் படிப்பது பிரெஞ்சு, வீட்டில் பேசுவது கிரியோல். பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். புவாந்த்-ஆ-பித்ர் நகரின் நடுவே இருக்கிறது சேன் அந்துவான் சந்தை. 19ஆம் நூற்றாண்டின் இரும்புத் தூண்களும் இரும்புக் கூரையும் கொண்ட கட்டடம். காலையில் போனால்தான் களை கட்டியிருக்கும்.

உள்ளே நுழைந்தால் பட்டை, ஜாதிக்காய், வெனிலாக் காய்கள், மஞ்சள், பழங்கள் ஊறும் ரம் போத்தல்கள். கடைக்காரப் பெண்மணிகள் போகிற வருகிற எல்லாரையும் 'டூடூ' என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் 'வா கண்ணு' என்பார்களே, அதேதான்.

கொலொம்போத் தூளில் மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு எல்லாம் இருக்கின்றன. வறுத்த அரிசியையும் சேர்த்து அரைப்பது உண்டு. காரம் மட்டும் தனி. அந்த ஊர்க் குண்டு மிளகாயைச் சமைக்கும்போது முழுதாகப் போடுகிறார்கள்.

அடுத்த வரிசையில் கட்டம் போட்ட பருத்தித் துணிகள். பெயர் 'மதராஸ்'. சென்னைப் பக்கத்திலிருந்து வணிகக் கப்பல்களில் போன துணி, இன்று தீவின் தேசிய உடைபோல் ஆகிவிட்டது. அந்தத் துணியில் பெண்கள் கட்டும் தலைப்பாகைக்கு ஒரு கணக்கு இருந்ததாம். ஒரு முனை தூக்கி நின்றால் மனம் காலி. இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது. மூன்று என்றால் திருமணமானவள். நான்கு முனை? கல்யாணமானவள்தான், ஆனாலும் முயற்சி செய்து பார்க்கலாம்!

துணிக்குப் பின்னால் ஆட்களும் போனார்கள். 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக குவாதலூப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். மாரியம்மன் இன்று அங்கே 'மாலியேமென்'. மதுரை வீரன் 'மல்தெவிலென்'.

நான் தூள் வாங்கிய கடைக்கார அம்மாவுக்கும் அப்படி வந்த முன்னோர்கள் இருந்தார்கள். உடன் வந்த தோழி பிரெஞ்சில் மொழிபெயர்க்க, 'குழம்பு' என்று சொல்லிக் காட்டினேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். மலேசியாவில் தமிழ் வானொலியில் வேலை பார்க்கிறேன் என்றதும் நம்பவில்லை. கைப்பேசியில் இருந்த என் காலை நிகழ்ச்சிப் பதிவை ஒரு நிமிடம் போட்டேன். முகம் மாறிவிட்டது.

"இது கோயிலில் பூசாரி சொல்வது மாதிரி இருக்கிறதே! சாமியைப் பற்றி என்ன சொல்கிறாய்?"

நான் சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோழி அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். சாமியோடு மட்டும் பேசும் மொழியில் சாலை நெரிசலைப் பற்றிக்கூடப் பேசலாம் என்பது அவருக்குப் பெரிய செய்தி.

எங்களைவிட அவர்கள் பற்றுக் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1923ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய நெடிய போராட்டம் அந்த ஆண்டில்தான் வென்றது. இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்களாக வாக்களிக்கும் உரிமை பெற்றார்கள். அதே 1923இல் மலாயாவில் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் அது வெறும் கொட்டகை. ஆசிரியராக இருந்தவர் கங்காணியோ கிராணியோ. ஆனாலும் அங்கே 'அ' எழுதப்பட்டது. குவாதலூப்பின் இந்தியர்களுக்கு உரிமை கிடைத்தது, தமிழ்ப் பள்ளி கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் தமிழ் கோயிலுக்குள் ஒதுங்கிவிட்டது.

இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. "வீட்டில்தான் தமிழ் பேசுகிறோமே, பள்ளி எதற்கு?" என்று என் வயதுப் பெற்றோர்கள் நேயர் அழைப்பில் கேட்பது உண்டு. குவாதலூப்பிலும் முதல் தலைமுறை வீட்டில் தமிழ்தான் பேசியது. தாயின் கையைப் பார்த்தே மகள் மசாலை அரைக்கக் கற்றுக்கொண்டுவிடலாம். அதற்கு எழுத்து வேண்டாம். மொழி அப்படி வந்து சேர்வதில்லை. பள்ளிப் பதிவுப் பாரத்தை நிரப்பும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.