சருகை யார் அள்ளுவது? காட்டுத் தீயைத் தடுக்கும் இமயமலை ஊர்களும் நம் கெடா தோட்டங்களும்

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் இலை உதிர்க்கத் தொடங்கும். பால் குறையும், வெட்டு நாள்களும் குறையும். மரத்தடி முழுவதும் காய்ந்த சருகு கிடக்கும். அதே வேளையில் வடமாநிலங்களில் மழை நின்றுவிடும். சாலையோரத்து லாலான் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறும். அணைக்காமல் வீசிய ஒரு சிகரெட் துண்டோ, வீட்டுக்குப் பின்னால் கொளுத்திய குப்பையோ போதும், தீ வேலியைத் தாண்டிவிடும்.

இந்த வட்டாரத்தின் வெயில் சாதாரணமானது அல்ல. மலேசியாவில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் 40.1 பாகை செல்சியஸ். அது 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி, நம் பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும், கெடாவின் பெண்டாங், குபாங் பாசு வட்டாரங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன.

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும்: சூடு, காற்று, எரிபொருள். வெயிலையும் காற்றையும் நம்மால் நிறுத்த முடியாது. நம் கைக்கு எட்டுவது மூன்றாவது மட்டுமே. அதாவது தரையில் கிடக்கும் சருகும் புல்லும். ஆகவே காட்டுத் தீயைத் தடுப்பது என்பது முதலில் தீயணைப்பு வண்டியைப் பற்றிய பேச்சு அல்ல. சருகை யார் அள்ளுவது, அள்ளியதை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு.

முன்பு இந்தக் கேள்விக்குத் தோட்டத்திலேயே பதில் இருந்தது. லயத்தில் நூறு குடும்பங்கள் இருந்தால் இருநூறு கண்கள் இருந்தன. எல்லையில் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பாதை போடுவதும், வறட்சி மாதங்களில் ரோந்து போவதும் தோட்ட வேலையில் ஒரு பகுதி. புகை கிளம்பினால் தண்டலுக்கோ கங்காணிக்கோ உடனே சேதி போகும். இன்று பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பல தாமான்களின் பின்வேலிக்கு அப்பால் தோட்டமோ லாலான் காடோ இருக்கிறது. அந்த எல்லையை வறட்சிக்கு முன் வெட்டிச் சுத்தம் செய்வது தன் பொறுப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

இதே சிக்கலை நம்மைவிடக் கடுமையாகச் சந்தித்த மலையூர்கள் இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ளன. அங்கும் ஆண்டுக்கு ஒருமுறை சருகு கொட்டும், மழையில்லாத மாதங்கள் வரும். அங்கே இரண்டு ஊர்கள் இரண்டு வழிகளில் பதில் தேடின.

நாள் குறித்த ஊர்

உத்தராகண்ட் காடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சீர் பைன் என்னும் ஊசியிலை மரம். அதன் காய்ந்த ஊசிகளை அங்கே பிரூல் என்கிறார்கள். கோடையில் மலைச்சரிவு முழுவதும் பிரூல் மெத்தைபோல் படியும். அதில் பிசின் இருப்பதால் நெருப்பு பட்டவுடன் பற்றிக்கொள்ளும். 2024 ஜூன் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனப் பணியாளர்களில் நால்வர் அன்றே உயிரிழந்தனர்.

அதே அல்மோரா மாவட்டத்தில் இருக்கும் சிறிய மலையூர் சீத்லாகேத். அங்குள்ள பெண்கள் சங்கங்களும் 'ஜங்கிள் கே தோஸ்த்' என்ற தன்னார்வக் குழுவும் சுற்றியுள்ள காட்டைப் பல ஆண்டுகளாகக் காத்து வருகின்றன. தீ எங்கிருந்து கிளம்புகிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் கவனித்தார்கள். விதைப்புக்கு முன் வயலோரப் புதர்களை வெட்டிக் குவித்து எரிப்பது அங்கே வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில் அப்படி எரிக்கும்போது காற்றடித்தால் தீ காட்டுக்குள் ஓடிவிடும்.

'எரிக்காதே' என்று மட்டும் சொன்னால் விவசாயி கேட்கமாட்டார், அவருக்கு வயல் வேலை நடக்கவேண்டும். அதனால் நாளை மாற்றினார்கள். புதர் எரிக்கும் வேலை முழுவதையும் மார்ச் 31-க்குள், பச்சை ஈரம் இருக்கும்போதே, கண்காணிப்போடு முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 1-ஆம் நாளை 'ஓண் திவஸ்' என்று கடைப்பிடிக்கிறார்கள். வெட்டிய புதர்க் குவியலுக்கு அங்கே 'ஓண்' என்று பெயர். கலப்பைக்காக மரம் வெட்டுவதைக் குறைக்க, அல்மோரா வேளாண் ஆய்வு நிலையம் உருவாக்கிய இரும்புக் கலப்பையையும் கிராமங்களில் பரப்பினார்கள். பின்னர் மாநில அதிகாரிகளே 'சீத்லாகேத் முறை' என்று இதை மற்ற ஊர்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினர்.

இதற்குப் பெரிய பணமோ இயந்திரமோ தேவைப்படவில்லை. தீ எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு, வறட்சிக்கு முன்பே ஒரு நாளைக் குறித்து, அந்த நாளை ஊரே மதித்ததுதான் வேலை செய்தது.

சருகில் மின்சாரம் எடுத்த ஊர்

இரண்டாவது ஊர் பித்தோராகட் மாவட்டத்தின் பேரிநாக். அதன் அருகே 1990-களின் இறுதியில் ரஜ்னீஷ் ஜெயின், ரஷ்மி பாரதி இருவரும் 'அவனி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தீக்குக் காரணமான பிரூலுக்கு ஒரு விலை கிடைத்தால், மக்கள் தாங்களே அதை அள்ளிக் கொண்டுவருவார்கள் என்பது அவர்களின் கணக்கு. முதலில் 9 கிலோவாட் அளவில் சோதனை நிலையம் அமைத்தார்கள். அது அவர்களின் வளாகத்துக்கே மின்சாரம் கொடுத்தது. பிறகு 120 கிலோவாட் நிலையம் வந்தது.

வேலை நடக்கும் முறை எளிமையானது. பிரூலைத் திறந்தவெளியில் எரிப்பதில்லை. மூடிய கலத்தில் குறைந்த காற்றோடு சூடாக்குகிறார்கள். முழுவதும் எரியாததால் எரியக்கூடிய வாயு வெளிவருகிறது. அந்த வாயுவைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினால் ஜெனரேட்டர் ஓடும். மிஞ்சும் கரியைக் கட்டிகளாக்கினால் சமையலுக்கு உதவும். விறகு தேடிக் காட்டுக்குப் போகும் வேலை குறையும். பிரூல் கொண்டுவரும் பெண்களுக்கு எடைக்கு ஏற்பக் கூலி.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ பிரூல் வேண்டும். மாதம் 200 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டுக்கு 300 கிலோ ஆகிறது. பஞ்சு போல் லேசான சருகில் 300 கிலோ என்றால் எவ்வளவு பெரிய குவியல் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் காட்டுத் தரையிலிருந்து குறைந்த எரிபொருள்.

நிலைக்காமல் போனவையும் உண்டு

இந்தக் கதையில் தோல்வியும் இருக்கிறது. உத்தராகண்ட் அரசு 2018-இல் பிரூல் மின்சாரத்துக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, 250 கிலோவாட் வரையிலான சிறு நிலையங்களை ஊக்குவித்தது. ஆனால் தனியார் தொடங்கிய பல நிலையங்கள் நிலைக்கவில்லை. காரணங்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. சருகு சில மாதங்களே கிடைக்கும், மழை வந்தால் நனைந்துவிடும். எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும் என்பதால் லாரி வாடகை கட்டுப்படியாகாது. வாயுவோடு வரும் தார் எஞ்சினை அடைத்துவிடும். கிலோவுக்கு 3 ரூபாய் அளவில் கூலி கொடுத்தால் செங்குத்தான சரிவில் ஏறி அள்ள யார் வருவார்? 2024 மே மாதம் அந்த விலையை 50 ரூபாயாக உயர்த்துவதாக மாநில அரசு அறிவித்தது. விலையில்லாமல் யாரும் சருகு அள்ளமாட்டார்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் அது.

இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதாது. அள்ளும் கைக்குக் கூலி, நனையாமல் வைக்க இடம், பழுது பார்க்க ஆள் ஆகிய மூன்றும் உள்ளூரிலேயே வேண்டும்.

கெடாவில் ஏற்கெனவே நடப்பது என்ன?

கழிவிலிருந்து சக்தி எடுப்பது நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. செம்பனை ஆலைக்கு 100 டன் குலை போனால், ஏறக்குறைய 20 டன் எண்ணெய் வருகிறது. சுமார் 22 டன் வெறுங்குலையும், 13 டன் நாரும், 6 டன் ஓடும் மிஞ்சுகின்றன. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி ஆலைகள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதை மூடிப் பிடித்தால் அதுவும் எரிபொருள்தான். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இந்த வாயுவைப் பிடிக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது.

மறுநடவுக்காகப் பழைய மரங்களை வெட்டிக் கொளுத்தும் வழக்கத்தையும் நம் நாடுதான் முன்னோடியாக மாற்றியது. கோல்டன் ஹோப் நிறுவனம் 1980-களில் 'எரிக்காத மறுநடவு' முறையை உருவாக்கி, அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் விருதைப் பெற்றது. மரத்தைத் துண்டாக்கி வரிசையில் அடுக்கி மக்கவிடுவதுதான் அந்த முறை. குவியலில் காண்டாமிருக வண்டு பெருகும் என்ற தொல்லை உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் புகை இல்லை, மண்ணுக்கும் உரம்.

சூரிய சக்தியும் நம் வட்டாரத்துக்கு வந்துவிட்டது. புக்கிட் செலம்பாவில் தெனாகாவின் 30 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. குரூணிலும் பெரிய நிலையம் உண்டு. கோயில் மண்டபக் கூரையிலோ தமிழ்ப்பள்ளிக் கூரையிலோ தகடு பொருத்தினால் மின் கட்டணம் குறையும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சூரியத் தகடு சருகைத் தின்னாது. சுத்தமான மின்சாரம் வந்தாலும் பின்வேலியில் லாலான் காய்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

ரப்பர்ச் சருகில் பேரிநாக்கைப் போல் மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்கலாம். தோட்டத்துக்குள் விழும் சருகு அந்த மண்ணுக்கே உரம், அதை முழுவதும் அள்ளுவது நல்லதல்ல. சிதறிக் கிடக்கும் சருகைச் சேர்க்கும் செலவும் வரவை மிஞ்சும். நமக்குத் தேவை எல்லைப் பகுதியை மட்டும் சுத்தமாக வைப்பது. அங்கே அள்ளும் சருகுக்கு மின்நிலையம் வேண்டாம், ஓர் உரக்குழி போதும். மூடா சமவெளியின் ஜெராமி வேறு வகை. அது ஒரே இடத்தில் மிகுதியாகக் கிடைக்கிறது. உருட்டிக் கட்டினால் மாட்டுத் தீவனமாகவும் காளான் படுக்கையாகவும் விலை போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்கீழ் குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. சமயச் சடங்குகளுக்கும் தகனத்துக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் போகியைக் காரணம் காட்டிப் பழைய மெத்தையையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது சடங்கு ஆகாது. கெடாவில் போகி சரியாக வறட்சியின் வாசலில் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

புகையின் விலையை முதலில் கொடுப்பவர்கள் பிள்ளைகளும் முதியவர்களும்தான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும். 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அவ்வளவு தூரம் கூடத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக் குப்பைப் புகையே போதும்.

மார்கழியில் ஒரு நாள்

சீத்லாகேத் மக்களுக்கு மார்ச் 31 கெடு. கெடாவுக்கு அந்தக் கெடு போகிக்கு முன்பே வரவேண்டும். மார்கழியில் நம் கோயில்களில் விடியற்காலையிலேயே கூட்டம் கூடுகிறது. அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து குறிக்கலாம்.

அன்று செய்ய வேண்டியவை அதிகமில்லை. பின்வேலியை ஒட்டி ஒரு லாரி போகும் அகலத்துக்குப் புல்லை வெட்டி, சருகை அள்ள வேண்டும். அள்ளியதைக் கொளுத்தாமல் உரக்குழியில் போட்டு, மாட்டுச் சாணமோ சமையலறைக் கழிவோ கலந்து மூட வேண்டும். தோட்ட நிலமாக இருந்தால் முன்கூட்டியே நிர்வாகத்துக்கும், அரசு நிலமாக இருந்தால் நகராண்மைக் கழகத்துக்கும் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். கடிதத்தின் நகல் சங்கத்தில் இருந்தால் அடுத்த ஆண்டு அவர்களே வெட்டித் தரும்படி கேட்பது எளிது.

ஆர்வமுள்ள இளைஞர்கள் தீயணைப்பு மீட்புப் படையின் சமூகத் தீயணைப்புக் குழுவில் சேரலாம். அருகிலுள்ள நிலையத்தில் விசாரித்தால் பயிற்சி பற்றிச் சொல்வார்கள். தீ பரவிவிட்டால் யாரும் தாங்களாக உள்ளே போகக்கூடாது. 999-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயரையும் உள்ளே வரும் பாதையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல தோட்டப் பாதைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆகவே முகப்பில் ஓர் ஆள் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

லயத்தில் இருந்தபோது இந்த வேலைகளை நிர்வாகம் ஆள் வைத்துச் செய்தது. தாமானில் அப்படி யாரும் இல்லை. அந்த ஆளை இனி நாம்தான் நியமிக்க வேண்டும். நியமிக்கச் சரியான நேரம் மழை இன்னும் பெய்துகொண்டிருக்கும் மாதங்கள்.