முறுக்குக் கம்பியும் மோட்டாரும்

கேரள எல்லையோரக் காரக்கோணத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நேராக ஓடும் தூரம் குறைவு. ஏற்றம், இறக்கம், ரப்பர் தோட்டத்து மண்சுவரை ஒட்டிய வளைவு, எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகல். இங்குள்ள மருத்துவக் கல்லூரி, 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன அணிகளில் இருந்து, பிறகு நெய்யூரில் மருத்துவராகத் தங்கிவிட்ட சாமர்வெல் பெயரில் அமைந்தது. அங்கே நோயாளிகளோடு வரும் கார்களில் கேரளப் பதிவெண்ணும் உண்டு, குமரி மாவட்டப் பதிவெண்ணும் உண்டு. ஓட்டி வருபவர்களில் பெண்களும் வயதானவர்களும் கணிசம். நெருக்கடியான இடத்தில் முழுக்க ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து நிறுத்துவதற்கு இன்று அவர்களுக்குத் தோள்பலம் வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன மின்மோட்டார்.

கார் ஓடும்போது ஸ்டியரிங்கைத் திருப்புவது எளிது, நிற்கும்போது கடினம். முன்சக்கர டயர்கள் தரையில் உருளாமல், பதிந்த இடத்திலேயே தேய்ந்து திரும்ப வேண்டியிருப்பதே காரணம். முன்பக்கம் எவ்வளவு கனமோ, டயர் எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்குக் கையும் வலிக்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எடை குறைந்த, ஒல்லி டயர் கார். அதனால்தான் பவர் ஸ்டியரிங் இல்லாமலே அது காலம் தள்ளியது. அம்பாசடரை ஓட்டியவர்களைக் கேட்டால் அவர்களுடைய தோள்பட்டை பதில் சொல்லும்.

உதவிக்கு முதலில் வந்தது எண்ணெய் அழுத்தம். அமெரிக்காவில் கிறைஸ்லர் 1951இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்த பம்ப் எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியைப் போல, நேர்ச்சாலையில் திருப்பவே தேவையில்லாதபோதும் அந்தப் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கும், பெட்ரோலைத் தின்றபடி. எண்ணெய் கசியும், குழாய் வெடிக்கும், பெல்ட் தேயும். சின்னக் காரின் சின்ன இன்ஜினுக்கு இந்தப் பாரம் அதிகம்.

ஆகவே மின்சார பவர் ஸ்டியரிங் ஆடம்பரக் காரில் பிறக்கவில்லை என்பதில் வியப்பில்லை. 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில்தான் அது முதலில் விற்பனைக்கு வந்தது. செய்து கொடுத்தது கோயோ நிறுவனம். அதே கோயோவோடு கைகோத்துத்தான் குர்கானின் சோனா நிறுவனம் மாருதிக்கு ஸ்டியரிங் செய்துவந்தது. இன்று அந்தச் சோனாவின் பெயர் ஜேடெக்ட் இந்தியா. சென்னையில் 1929இல் தொடங்கிய ரானே குழுமமும் 1995இல் ஸ்டியரிங் தயாரிக்க ஜப்பானின் என்எஸ்கேயுடன் கூட்டுச் சேர்ந்தது. குட்டிக் காருக்கென்று பிறந்த கருவி, குட்டிக் கார்களின் நாட்டில் வேரூன்றியது. இந்தியாவில் இது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்டியரிங் தண்டின் நடுவே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது, டயர் எதிர்க்கும் அளவுக்கு அது சில பாகை முறுகும். அந்த முறுக்கை ஒரு சென்சார் அளக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்ற செய்தி அதில் இருக்கிறது. கார் எந்த வேகத்தில் போகிறது என்ற தகவலும் சேர்ந்து ஒரு சிறு கணினிக்குப் போகிறது. அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்குப் போட்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று தீர்மானிக்கிறது. மோட்டாரின் சுழற்சியைப் பற்சக்கரம் ஒன்று மெதுவாக்கி, பலத்தைக் கூட்டித் தண்டுக்குக் கொடுக்கிறது. நிற்கும்போது உதவி அதிகம். வேகம் கூடக்கூட உதவி குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் இறுகிய மாதிரி இருப்பது அதனால்தான், அது நம் பாதுகாப்புக்கு. கையை எடுத்தால் மோட்டார் ஓய்வெடுக்கும், மின்சாரமும் மிச்சம்.

சின்னக் கார்களில் இந்த மோட்டார் பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில், தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். செலவு குறைவு, மழைத் தண்ணீரும் சேறும் எளிதில் எட்டாத இடம். இடவப்பாதி மழையில் சாலையே ஓடையாகும் இந்த ஊர்ப்பக்கத்துக்கு அது ஒரு நன்மை. கனமான கார்களுக்கு மோட்டாரைக் கீழே, சக்கரங்களைத் தள்ளும் பல்தண்டின் மேலேயே வைப்பார்கள். பெரிய லாரி, பஸ்களில் இன்னமும் எண்ணெயின் ஆட்சிதான் பரவலாக நடக்கிறது.

டாடா நானோவின் கதை இங்கே சொல்லத்தக்கது. 2009இல் வந்தபோது அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. எடை 600 கிலோ அளவு, இன்ஜின் பின்னால், முன் டயர் 135 மில்லிமீட்டர் அகலம். உதவி தேவைப்படாது என்று கணக்கிட்டதில் பொறியியல் நியாயம் உண்டு. ஆனால் வாங்குபவர் மனம் வேறு கணக்குப் போட்டிருந்தது. 2014 ஜனவரியில் நானோ ட்விஸ்ட் மின்சார ஸ்டியரிங்கோடு வந்தது. நாட்டின் மிக மலிவான காரிலேயே அது தேவை என்றான பிறகு, இல்லாமல் விற்பது இனி கடினம் என்று புரிந்தது. 2017 ஏப்ரல் முதல் கார் நிறுவனங்களுக்கு வந்த எரிபொருள் சிக்கன விதிகளும் அதே திசையில் தள்ளின. மின்சாரக் கார்களிலோ பம்பைச் சுழற்ற இன்ஜினே கிடையாது.

எண்ணெய் ஸ்டியரிங்கில் சாலையின் மேடுபள்ளம் கையில் தெரியும், மின்சார ஸ்டியரிங்கில் தெரிவதில்லை என்று ஓட்டுவதில் ருசி கண்டவர்கள் குறைப்படுவார்கள். உண்மைதான், பழைய வடிவங்களில் அந்தக் குறை அதிகம், புதியவற்றில் குறைந்துவருகிறது. ஆனால் நள்ளிரவில் பெற்ற தாயைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பும் மகளுக்கு அந்த ருசியைவிட இந்த லேசு முக்கியம். நான் அவள் பக்கம்.

மின்சார ஸ்டியரிங் உள்ள கார் வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அதே இடத்தில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துவிடும். கூடியவரை வண்டி மெல்ல நகரும்போதே திருப்புங்கள். பேட்டரி பலவீனமானால் முதலில் திணறுபவற்றில் இதுவும் ஒன்று. கூடுதல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஸ்டியரிங் வயரிலிருந்து இணைப்பு எடுக்க யாரையும் விடாதீர்கள். ஸ்டியரிங் படத்தோடு எச்சரிக்கை விளக்கு எரிந்து, திருப்புவது கனத்துப்போனால் பதற வேண்டாம். நம் சாலைகளில் ஓடும் இந்தக் கார்களில் கையும் சக்கரமும் இரும்புத் தண்டால் இணைந்தே இருக்கின்றன. உதவிதான் நின்றிருக்கிறது, கட்டுப்பாடு போகவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். வண்டியை அணைத்து மறுபடி போட்டபின் விளக்கு அணைந்தாலும், அடுத்த நாளே பட்டறையில் காட்டிவிடுங்கள்.