பனிச்சறுக்குப் பலகை பிறக்கும் ஊர்

நுவரெலியாவில் வாழ்வோருக்கு உறைபனி புதிதன்று. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிலே, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள பள்ளத்தாக்குகளில் புல்லின் மீதும் தேயிலைத் தளிரின் மீதும் வெண்பொடி படிவதையும், விடிந்து வெயில் ஏறியபின் கொழுந்து கருகி நிற்பதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆயினும், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி ஆள் உயரத்துக்குக் குவிகின்ற வெண்பனி நம் நாட்டு மலைகளுக்கு உரியதன்று. அத்தகைய பனியின் மீது ஓடுகின்ற ஒரு பலகையைப் பற்றி மலைநாட்டு நேயர்களுக்கு எதற்காகச் சொல்ல வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. பலகை எவ்வாறு ஓடுகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அது எங்கே, எவர் கையால் செய்யப்படுகின்றது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். அந்தப் பிற்பகுதியை, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் விளங்கிக்கொள்ளும் அளவு விரைவாகப் பிறர் விளங்கிக்கொள்வார்களோ என்பது ஐயமே.

ஆங்கிலத்தில் இதனை 'ஸ்னோபோர்ட்' என்பர். 1965 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அந்த விளையாட்டுப் பொருளே இதற்கு முன்னோடி. 1977 இல் வேர்மொன்ட் மாநிலத்தில் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர் என்பார் இத்தகைய பலகைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1998 இல் ஜப்பானின் நகானோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

சரிவிலே பலகையைத் திருப்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. புதிதாகப் பழகுவோர் அதன் பின்புறத்தை வழுக்கவிட்டுத் திருப்புவர். அப்போது பனி வாரி இறைக்கப்படும், வேகம் குறையும், பின்னால் விழும் தடம் அகன்று கலைந்திருக்கும். தேர்ந்தவரோ பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் உருக்கு விளிம்பினால் பனியைக் கீறிக்கொண்டே வளைந்து செல்வார். அவர் விட்டுச்செல்லும் தடம் மெல்லிய ஒற்றைக் கோடாக இருக்கும். 'கார்விங்' எனப்படுவது இதுவே. நாம் இதனைக் கீறியோட்டம் என்று வழங்கலாம். கவ்வாத்து வெட்டுவோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். கத்தி சரியான சாய்வில் விழுந்தால் கிளை ஒரே வீச்சில் அறும். சாய்வு பிசகினால் பட்டை கிழிந்து செடி நோகும்.

கீறியோட்டத்தின் இரகசியம் பலகையின் இடுப்பிலே இருக்கின்றது. முனையிலும் வாலிலும் அகன்று, நடுவே குறுகும்படி அதனை அறுத்திருப்பார்கள். விளிம்பு நேர்கோடாக இராமல், ஒரு பெரிய வட்டத்தின் சிறு பகுதியாக உள்வளைந்திருக்கும். பலகையைச் சாய்த்து நிறுத்தினால் முனையும் வாலும் மட்டுமே நிலத்தில் படும். ஆளின் பாரம் அழுத்தியவுடன் நடுப்பகுதியும் வளைந்து கீழே வந்து பனியைத் தொடும். அப்போது விளிம்பு முழுவதும் ஒரு வில்லாகிவிடும். அந்த வில்லின் வழியே பலகை தானாகவே திரும்பும். பள்ளியில் வடிவகணிதம் பயின்றோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளிம்பு வளைவின் ஆரை 10 மீற்றர் என்க. பலகையை 60 பாகை சாய்த்தால், திரும்பும் பாதையின் ஆரை ஏறக்குறைய 5 மீற்றர் ஆகும். கோசைனால் பெருக்கினால் விடை கிடைக்கும். சாய்வு கூடக் கூடத் திருப்பம் இறுகும். சாதாரணப் பலகைகளில் இவ்வாரை 7 அல்லது 8 மீற்றர் அளவில் இருக்க, பந்தயப் பலகைகளில் அது 20 மீற்றரையும் கடக்கும். வேகத்தை முதன்மையாகக் கொண்ட பலகைக்குப் பரந்த வளைவே ஏற்றது.

இவ்வாறு சாய்ந்து ஓடும்போது காலின் சிறு அசைவும் தாமதமின்றி விளிம்புக்குச் சென்று சேர வேண்டும். ஆகவே பந்தயக்காரர் மென்மையான சப்பாத்தை விலக்கி, வன்பிளாஸ்ரிக்கினால் வார்த்த சப்பாத்தை அணிந்து, அதனைத் தகட்டுப் பூட்டினால் பலகையோடு இறுக்கிக்கொள்வர். பலகையின் இடுப்பு ஒடுங்கியதாகையால் பாதங்கள் குறுக்கே நில்லாமல் முன்னோக்கித் திரும்பியிருக்கும். குறுக்கே நின்றால் விரல் நுனி பனியில் இடறும்.

இனிப் பலகையின் உள்ளே நோக்குவோம். பார்வைக்கு ஒரே துண்டாகத் தோன்றினாலும், அது பல படைகளை அடுக்கி ஒட்டிய பொருள். நடுவில் இலேசான மரப்பட்டிகளைச் சேர்த்துச் சீவிய நெஞ்சு. அதன் மேலும் கீழும் கண்ணாடியிழைத் துணி. அடியில் மெழுகை உறிஞ்சும் பொலித்தீன் வகைத் தளம். அதனைச் சுற்றி உருக்கு விளிம்பு. மேலே வண்ணம் தீட்டிய தாள். கீறியோட்டப் பலகைகளில் 'ரைரனல்' எனப்படும் அலுமினியக் கலப்புத் தகடும் சேரும். இது ஒஸ்திரியாவின் ரான்ஸ்ஹோபன் என்னும் ஊரிலுள்ள ஆலையில் உருவாவது. பனி கட்டியாய் இறுகியிருக்கும்போது பலகை அதிராமல் ஓடுவதற்கு இத்தகடு பெரிதும் உதவுகின்றது. இவை யாவற்றையும் எப்பொக்சிப் பசை பூசி அச்சில் அடுக்கி, சூடான அழுத்துபொறியினுள் வைத்து இறுக்குவர். வெளியே எடுத்து, ஓரம் அறுத்து, விளிம்பைத் தீட்டி, அடித்தளத்தை அரைத்து, மெழுகிடுவர். அடுக்குவதும் தீட்டுவதும் பெரும்பாலும் கைவேலை. கை சற்றுத் தவறிக் காற்றுக்குமிழி ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் பலகை நாளடைவில் படை விட்டுப் பிரியும்.

இத்தகைய பொருள் பனிமலைகளின் அடிவாரத்தில்தான் பிறக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். ஓரளவுக்கு அது உண்மையே. பந்தயத்துக்கும் கீறியோட்டத்துக்கும் உரிய பலகைகளை இன்றும் சிறிய பட்டறைகள் செய்கின்றன. சுவிற்சர்லாந்தின் கெஸ்லர், கனடாவின் கொய்லர், ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டொனெக் ஆகிய பெயர்கள் இவ்வகையில் அறியப்பட்டவை. ஓடுபவரின் எடையையும் பழக்கத்தையும் கேட்டறிந்து, தையற்காரர் உடுப்புத் தைப்பதுபோல் பலகை செய்துகொடுக்கும் பட்டறைகளும் இவற்றுள் உண்டு. 2006 இல் தூரின் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற ஒஸ்திரிய வீரர் சீகி கிராப்னரின் நிறுவனம் தன் பலகைகளில் 'எஸ்.ஜி.' என்ற எழுத்துகளைப் பொறிக்கின்றது. அதைக் கண்டு நம் துடுப்பாட்ட இரசிகர்கள் மயங்க வேண்டா. மட்டையிலும் பந்திலும் அதே இரண்டு எழுத்துகளைப் பொறிக்கும் இந்தியாவின் மீரட் நகர நிறுவனம் முற்றிலும் வேறானது.

ஆனால் கடைகளில் ஆயிரக்கணக்கில் விலைபோகும் பலகைகளின் கதை வேறு. பேர்ட்டன் நிறுவனம் தன் பிறப்பிடமான வேர்மொன்டிலே நடத்திவந்த தொழிற்சாலையை மூடுவதாக 2010 இல் அறிவித்தது. ஒஸ்திரியாவில் குறைந்த செலவில் செய்விக்கலாம் என்பதே காரணம். சீனாவிலும் பலகைகள் பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றன. இவை எல்லாவற்றினும் வியப்பானது டுபாய். பாலைவனத்தின் விளிம்பிலே, கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் அந்நகரிலே, பெயர்பெற்ற பல நிறுவனங்களுக்குப் பனிப்பலகை செய்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. டுபாயில் பனியைக் காண வேண்டுமெனில், 2005 இல் ஓர் அங்காடி மாளிகைக்குள் குளிரூட்டி அமைக்கப்பட்ட செயற்கைச் சரிவுக்குத்தான் செல்ல வேண்டும்.

இது எவ்வாறு இயலுகின்றது? பலகை ஓடுவதற்கே பனி வேண்டும்; செய்வதற்கு வேண்டியவை வேறு. அழுத்துபொறியும், இடையறாத மின்சாரமும், பழகிய கைகளும், அருகே துறைமுகமும், சுங்கச் சலுகையும் அமைந்தால் போதும். மரமும் தகடும் இழையும் கப்பலில் வரும். பலகை கப்பலில் போகும். அந்நாட்டின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போரில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து சென்றவர்கள் என்பது நாம் அறிந்ததே.

பழைய காலத்தில் கைத்திறனே ஊரைத் தெரிந்தெடுத்தது. இத்தாலியின் வடபகுதியிலுள்ள மொன்டெபெல்லுனா என்னும் சிற்றூரில் மலையேறுவோருக்குத் தோற்சப்பாத்து தைத்த குடும்பங்கள் இருந்தன. அதனாலேயே பின்னர் பிளாஸ்ரிக் சறுக்குச் சப்பாத்தின் தலைநகராகவும் அவ்வூர் விளங்கிற்று. காலப்போக்கில் அத்தொழிலில் ஒரு பெரும் பகுதி கூலி குறைந்த ருமேனியாவுக்குப் பெயர்ந்தது. சியால்கோட்டில் தோல் தைத்தவர்களும் மட்டை செதுக்கியவர்களும் 1947 இன் பிரிவினையில் எல்லை கடந்து ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தபோது, தொழிலும் அவர்களுடன் கூடவே வந்தது. அங்கே மனிதர் பெயர்ந்தனர், தொழில் தொடர்ந்தது. இக்காலத்தில் தொழில் பெயர்கின்றது, மனிதர் நின்றுவிடுகின்றனர்.

மலைநாட்டு நேயர்களுக்கு இது பழகிய கதை என்று முன்னர் சொன்னேனல்லவா? ஹற்றனிலும் திம்புள்ளையிலும் பறித்த கொழுந்து, 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் கைமாறி, கடல் கடந்து, பிற நாட்டுத் தேயிலைகளோடு கலந்து, 'இங்கிலிஷ் பிரெக்பாஸ்ட்' என்னும் பெயரோடு கடைக்கு வருகின்றது. இங்கிலாந்தின் மலைகளில் அத்தேயிலை விளைந்ததில்லை. பெயர் ஓரிடத்தில், கை ஓரிடத்தில். பனிப்பலகையின் மேல் அல்ப்ஸ் மலையின் படம் தீட்டியிருக்கலாம். பிறந்த ஊரை அறிய வேண்டுமாயின், அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையே படிக்க வேண்டும். தேயிலையைப் பொறுத்தவரை, இலங்கையிலேயே பொதிசெய்த தூய இலங்கைத் தேயிலைக்கு மட்டும் சிங்க இலச்சினையை வழங்குவதென்று நமது தேயிலைச் சபை விதி வகுத்திருக்கின்றது. விளையாட்டுப் பொருள்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

விளையாட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை இம்மலைகள் நெடுங்காலம் வாங்கும் இடமாகவே இருந்தன. அதுவும் துரைமார்க்கு மட்டும். 1889 இல் நுவரெலியாவில் கொல்ப் கழகம் அமைந்தது. கோலும் பந்தும் பிரித்தானியாவிலிருந்து வந்தன. 1880 களில் ட்ரவுட் மீனின் சினைகளைக் கொணர்ந்து குளிரோடைகளில் வளர்த்தனர். அம்மீனைப் பிடிக்கும் தூண்டிலும், இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈக்களும் கப்பலிலேயே வந்தன. இன்றோ அந்தப் பொய் ஈ எதிர்த்திசையில் பயணம் செய்கின்றது. இலங்கையின் தாழ்நிலத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள் அமர்ந்து, சிறு கவ்வியில் முள்ளைப் பொருத்தி, சேவலின் கழுத்திறகை நூலால் சுற்றி, ஒன்றுபோல் ஒன்றாக ஈக்களைக் கட்டுகின்றனர். சிறந்த இறகு அமெரிக்காவில் இதற்கென்றே வளர்க்கப்படும் சேவல்களிலிருந்து வருகின்றது; கட்டிய ஈ டசின் கணக்கில் எண்ணப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்புகின்றது. அதனைக் கட்டிய பெண்களுள் ட்ரவுட் மீனை நேரில் கண்டவர் சிலரே இருப்பர் என்று ஊகிக்கலாம்.

ஈயினும் பெரியது ஆடைத் தொழில். 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1980 களின் பிற்பகுதியில் ஏற்றுமதி வருவாயில் ஆடை தேயிலையை முந்தியது. 1987 இல் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ், நைக்கி முதலிய உலக நிறுவனங்களுக்கு விளையாட்டு உடை தைத்துக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் நம் துடுப்பாட்ட அணி அணிந்த சட்டை, கடற்கரையில் சேர்த்த பிளாஸ்ரிக் கழிவிலிருந்து நூலெடுத்து அந்நிறுவனமே தைத்தது. அன்று ஒரு முறையாவது, தைத்த நாட்டின் பெயரும் அணிந்த நாட்டின் பெயரும் ஒன்றாயின.

இத்தொழிற்சாலைகளின் தையற்பொறிகளுக்கு முன்னால் அமர்ந்திருப்போரில் தோட்டங்களிலிருந்து சென்ற இளம் பெண்களும் உளர். லயத்து அறையின் நெருக்கடியும், நாட்சம்பளத்தின் குறைவும், கொழுந்துக் கூடை தாய்க்குப்பின் தனக்கும் வந்துவிடுமோ என்ற அச்சமும் அவர்களைக் கீழ்நோக்கி அனுப்புகின்றன. அங்கே வாடகை அறையில் நால்வர் ஐவராய்த் தங்கி, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். தொழிற்சாலையை அவர்களிடம் கொண்டுவர முடியாதா? 1992 இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் அரசாங்கத் திட்டம் அந்த எண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அண்மையிலுள்ள மேல் மாகாணத்தை நோக்கியே ஆலைகள் சாய்ந்தன.

பனிப்பலகைத் தொழிற்சாலை ஹற்றனில் எழாததற்குப் பனியின்மை காரணம் அன்று என்பதை டுபாய் காட்டிவிட்டது. குளிர்ந்த காற்றும் பொறுமையான கைகளும் இங்கே உண்டு. அருகே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீரால் மின்சாரமும் பிறக்கின்றது. இல்லாதது துறைமுகமே. கொழும்புக்குச் செல்லும் சாலை கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு வளைந்து வளைந்து இறங்குகின்றது. பெருமழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். தேயிலைப் பெட்டிகள் அச்சாலையில்தான் இறங்குகின்றன. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்துவிட்டு ஞாயிறு மாலையில் வலயத்துக்குத் திரும்பும் பெண்கள் ஏறும் பேருந்தும் அச்சாலையில்தான் இறங்குகின்றது.