உங்க அம்மாவின் முழங்காலை மாற்றப் போவது பெரிய டாக்டரா, பயிற்சி டாக்டரா? ஒரு கணக்கு

கரமனை ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய தமிழ்த் தெரு ஒன்றில் என் பெரியம்மா வீடு. வாசலில் மூன்றே படி. இரண்டு வருடம் முன்பு வரை கோலப்பொடி டப்பாவோடு சட்டென்று இறங்கி ஏறியவர், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு விடுகிறார். முழங்கால் மூட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி. இது மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனை என்பதால், அறுவை சிகிச்சையில் முதுநிலை மாணவர்களும் பங்கெடுக்கலாம் என்பது அதன் சாரம். அதைப் படித்துக் காட்டியதும் பெரியம்மா கேட்டார்: "அப்போ யாராக்கும் ஆபரேஷன் பண்ணப்போறா? பெரிய டாக்டரா, படிக்கற பசங்களா?"

நியாயமான கேள்வி. உங்க அம்மாவோ அப்பாவோ நாளைக்கு இதையே கேட்கலாம். தேட ஆரம்பித்தபோது இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பது தெரிந்தது: அந்தப் 'பசங்க' கையில் கத்தியைக் கொடுக்காவிட்டால், அடுத்த 20 வருடத்துக்கு நம் மூட்டை மாற்றப் போவது யார்?

இது ஏன் இப்போது முக்கியம்?

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

முதலாவது, வயது. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 'இந்தியாவில் முதியோர் 2021' அறிக்கையின் கணிப்புப்படி, 2021-இல் கேரள மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 13.6 சதவீதம். 2031-இல் இது முறையே 20.9, 18.2 சதவீதமாக உயரும். அதாவது கேரளத்தில் ஐந்தில் ஒருவர்.

இரண்டாவது, விலை. முழங்காலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்ட் 16-ஆம் தேதி மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. பெரும்பாலானோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் சராசரி விலை அதுவரை சுமார் 1.58 லட்சம் ரூபாய். அது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது.

மூன்றாவது, காப்பீடு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், கேரளத்தின் காருண்யா திட்டம் போன்றவை வந்தபிறகு, முன்பு வலியோடு வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

தேவை ஏறுகிறது. மூட்டின் விலைக்கு ஆணை போட்டு ஒரே நாளில் குறைத்துவிடலாம். மூட்டைப் பொருத்தும் கையை அப்படி ஆணை போட்டு உருவாக்க முடியாது.

அந்த அறுவை சிகிச்சையில் அப்படி என்ன கஷ்டம்?

'மூட்டு மாற்று' என்றதும் பழைய மூட்டை முழுசாகக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள் என்று நினைக்கிறோம். முழங்காலில் அப்படி இல்லை. தேய்ந்துபோன மேற்பரப்பைத் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சில மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுத்துவிட்டு, உலோகத்தால் உறை போடுகிறார்கள். நடுவில் பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக் தட்டு. பெரும்பாலும் எலும்பு சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள்.

கஷ்டம் அளவில் இருக்கிறது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால், அது முழங்காலின் நடுவழியாகப் போக வேண்டும். மூன்று டிகிரிக்கு மேல் விலகக்கூடாது என்பதுதான் பல ஆண்டுகளாகப் பின்பற்றப்படும் இலக்கு. அதோடு, காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் இருபக்கத் தசைநார்களின் இழுவிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மூட்டு ஆடும். இறுகினால் மடங்காது.

இடுப்பிலும் இதே கதைதான். அங்கே பொருத்தும் கிண்ணத்துக்குச் சாய்வு 40 டிகிரி, முன்னோக்கிய திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் பத்து டிகிரி வரை முன்னே பின்னே போகலாம் என்று 1978-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த எல்லை எல்லோருக்கும் பொருந்துமா என்று இப்போது விவாதம் நடக்கிறது. ஆனாலும் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் எண்கள் இவைதான்.

கோணத்தைப் புத்தகத்தில் படிக்கலாம். தசைநாரின் இழுவிசையை விரலால்தான் உணர முடியும். சைக்கிள் ஓட்டுவது மாதிரி, யாராவது பக்கத்தில் பிடித்துக்கொள்ள, நாமே ஏறி மிதித்தால்தான் வரும்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

கரமனையிலிருந்து சில கிலோமீட்டரில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. 1951-இல் தொடங்கிய, கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி. நாட்டில் இதுபோன்ற கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பிஜி எழுதி, எம்.எஸ். ஆர்த்தோவில் சேருகிறவருக்குக் கிடைப்பது மூன்று ஆண்டுகள். அதில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போய்விடும்.

முதல் வருடம் பெரும்பாலும் வார்டு, கட்டு மாற்றுவது, மாவுக்கட்டு போடுவது, இரவெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவு. ஆபரேஷன் தியேட்டரில் அவர் வேலை, காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பிறகு தையல் போட விடுவார்கள். அப்புறம் தோலைத் திறந்து மூட்டை வெளிக்கொண்டுவருவது. அதன்பிறகு எலும்பில் ஒரு வெட்டு, சிமென்ட் வைப்பது என்று படிப்படியாக. முழு ஆபரேஷனையும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்வது இந்த ஏணியின் கடைசிப் படி.

பலர் அந்தப் படியை மூன்று வருடத்தில் தொடுவதில்லை. காரணம், நம் சாலைகள். அரசு மருத்துவமனைகளின் எலும்புப் பிரிவில் விபத்துக் கேஸ்கள் குவிகின்றன. எலும்பு முறிந்து வந்தவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. தேய்ந்த மூட்டுக்காரரை இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லலாம். அதனால் நம் பிஜிக்கள் கம்பியும் பிளேட்டும் வைப்பதில் கெட்டிக்காரர்களாக வெளியே வருகிறார்கள். மூட்டு மாற்றைப் பெரும்பாலும் பார்த்தும் உதவியும்தான் கற்றிருப்பார்கள். படிப்பு முடிந்து, தனியாக ஒன்றிரண்டு வருடம் மூட்டு மாற்றுக்கு மட்டும் ஃபெலோஷிப் தேடி ஓடுவது இதனால்தான்.

எத்தனை செய்தால் போதும்?

மற்ற நாடுகள் இதற்கு எண் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஐந்தாண்டு எலும்பியல் பயிற்சியில் முழு இடுப்பு மாற்று குறைந்தது 30, முழு முழங்கால் மாற்று குறைந்தது 30. பிரிட்டனில் பயிற்சிக் காலம் இன்னும் நீளம். அங்கே நிபுணர் சான்றிதழ் வாங்க மொத்தம் 1,800 அறுவை சிகிச்சைகளில் பங்கெடுத்திருக்க வேண்டும், 2021 பாடத்திட்டப்படி அதில் மூட்டு மாற்று மட்டும் 80.

பிரிட்டனின் பதிவேட்டில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு போட வேண்டும்: உதவி மட்டும் செய்தேனா, ஆசிரியர் கையுறையோடு மேசையருகே நிற்க நான் செய்தேனா, அவர் கையுறை போடாமல் மேற்பார்வை பார்க்கச் செய்தேனா, தனியாகச் செய்தேனா, இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தேனா. இங்கேயும் பிஜிக்களுக்கு லாக்புக் கட்டாயம்தான். ஆனால் 'பங்கெடுத்தேன்' என்ற ஒரு சொல்லுக்குள் ரிட்ராக்டர் பிடித்ததும் அடங்கும், எலும்பை வெட்டியதும் அடங்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஒரு யூனிட்டில் வாரத்துக்கு இரண்டு மூட்டு மாற்று என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 100, மூன்று வருடத்தில் 300. வருடத்துக்கு இருவர் வீதம், எந்த நேரத்திலும் அங்கே ஆறு பிஜிக்கள். எல்லாவற்றையும் அவர்களுக்கே சமமாகப் பங்கிட்டாலும், மூன்று வருடப் படிப்பு முழுவதற்கும் ஒருவருக்கு 50 வரும். சிக்கலான கேஸ்களை ஆசிரியர்தான் செய்ய வேண்டும் என்று பாதியைக் கழித்தால் 25. வாரத்துக்கு இரண்டு கேஸ் வராத யூனிட்டுகளில் என்ன ஆகும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

பட்டம் வாங்கினால் கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு, வருடத்துக்கு 35-க்கும் குறைவாக இடுப்பு மாற்று செய்யும் மருத்துவர்களின் நோயாளிகளுக்கு மூட்டு நழுவுவதும், மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவதும் அதிகம் என்று கண்டது. கை பழக வேண்டும். பழகியபின் நிறுத்தாமல் செய்துகொண்டும் இருக்க வேண்டும்.

அப்படியானால் பிஜி செய்வது ஆபத்தா?

பெரியம்மாவின் கேள்விக்கு நேரடிப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய மூட்டுப் பதிவேட்டில், ஆபரேஷனை முன்னின்று செய்தவர் நிபுணரா, பயிற்சியில் இருப்பவரா என்பதும் பதிவாகிறது. லட்சக்கணக்கான ஆபரேஷன்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி மருத்துவர்கள் வைத்த மூட்டுகளும் நிபுணர்கள் வைத்த மூட்டுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி உழைத்தன. ஒரு வித்தியாசம் தென்பட்டது இடுப்பு மாற்றில். ஆசிரியர் கையுறையோடு பக்கத்தில் நிற்காமல் பயிற்சி மருத்துவர் செய்தபோது, மறு ஆபரேஷனுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடியது. ஆசிரியர் பக்கத்தில் நின்றபோது அந்த வித்தியாசம் இல்லை.

ஆக, யார் கத்தியைப் பிடித்தார் என்பதைவிட, பக்கத்தில் யார் நின்றார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இது புதிய ஞானமும் இல்லை. இன்றைய இடுப்பு மாற்றுக்கு வழிபோட்ட ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பயன்படுத்தினார். சுமார் 300 நோயாளிகளுக்கு வைத்த அவை சில வருடங்களில் தேய்ந்து தோற்றன. 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் வெற்றி. ஆனாலும் அந்த மூட்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்க அவர் பல வருடம் அனுமதிக்கவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து நேரில் கற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்று தயாரிப்பு நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு போட்டார். நல்ல மூட்டும் பழகாத கையில் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ரோபோ வந்தாச்சே, இனி பிரச்னை இல்லையே?

ரோபோ உதவியால் எலும்பு வெட்டு திட்டமிட்ட கோணத்துக்கு நெருக்கமாக வருகிறது, உண்மைதான். ஆனால் என்ன கோணம், எவ்வளவு வெட்டுவது, தசைநாரை எங்கே தளர்த்துவது என்று முடிவெடுப்பது மருத்துவர்தான். அதேபோல செயற்கை எலும்பு மாதிரிகள், உடல்தானமாக வந்த உடல்கள், விஆர் கருவிகள் எல்லாமே பயிற்சிக்கு நல்லவை. முதல் தவறை நோயாளி மேல் செய்யாமல் அங்கே செய்துவிடலாம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்யும் நிஜ ஆபரேஷனுக்குப் பதிலாக இவற்றை வைக்க முடியாது.

நம்மிடம் விடுபட்டிருப்பது எது?

எண்ணிக்கை. முழங்கால் மாற்றுக்கு ஸ்வீடன் 1975-லேயே தேசியப் பதிவேடு தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸில் 2003-இல் வந்தது. இந்தியாவில் இடுப்பு, முழங்கால் மருத்துவர்களின் சங்கம் 2006-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அதில் விருப்பமுள்ள மருத்துவர்கள் பதிவு செய்கிறார்கள், கட்டாயம் கிடையாது.

பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்கும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். யாரோ 25 வருடம் விடாமல் எழுதிவைத்ததால்தான் அது தெரிந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் நம்மவர்களின் முழங்காலுக்கும், பிஜிக்கள் கைவைத்த மூட்டுகளுக்கும் அப்படிச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு ஆபரேஷனும், அதைச் செய்தவரின் படிநிலையும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் நீங்கள் கேட்க வேண்டியவை

ஒன்று: ஆபரேஷனின் முக்கியக் கட்டங்களில் மூத்த மருத்துவர் கையுறையோடு மேசையருகே இருப்பாரா?

இரண்டு: இந்த யூனிட்டில் வருடத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை நடக்கிறது?

மூன்று: பிஜி பங்கெடுத்தால், எந்தெந்தக் கட்டத்தைச் செய்வார்?

நான்கு: ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை வருடம் கூப்பிட்டு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பீர்கள்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல யூனிட்டில் தயங்காமல் பதில் வரும்.

பெரியம்மா முதல் கேள்வியை மட்டும் கேட்டார். மூத்த மருத்துவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "அம்மா, முக்கியமான நேரம் முழுக்க நான் பக்கத்துலயே நிப்பேன். பசங்களும் நிப்பாங்க. நானும் இப்படித்தான் கத்துக்கிட்டேன்."

படிவம் கையெழுத்தாகிவிட்டது. ஆபரேஷன் அடுத்த மாதம். அதற்குள் அந்த மூன்று படிக்கும் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.