சென்னையைவிட அருகில் தாஷ்கண்ட்: விமானம் செல்ல இயலாமல் போனது ஏன்?

புது தில்லி: தில்லியிலிருந்து உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு வான்வழித் தொலைவு சுமார் 1,600 கி.மீ. சென்னைக்கு உள்ள தொலைவைவிட இது குறைவு. எனினும், 2025 ஏப்ரல் 28 முதல் அந்நகருக்கான சேவையை இண்டிகோ நிறுவனம் நிறுத்தியது. தனது விமானங்கள் எட்டக்கூடிய தொலைவுக்கு அப்பால் அந்நகரம் சென்றுவிட்டதாக நிறுவனம் தெரிவித்தது.

பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, ஏப்ரல் 24-இல் இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தனது வான்பரப்பை மூடியதே காரணம். தாஷ்கண்டுக்கான நேர்வழி அந்நாட்டின் மீதே செல்கிறது. அரபிக் கடல், ஈரான் வழியாகச் சுற்றிச் சென்றால் தொலைவு இரு மடங்கைத் தாண்டும். வடக்கே திபெத் பீடபூமியைக் கடப்பதும் எளிதன்று. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் சுவாசிக்க ஏதுவாக 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரத்தில் உள்ளது.

பாதிப்பு மத்திய ஆசியாவுடன் நிற்கவில்லை. தில்லி சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் அமெரிக்க, பாகிஸ்தான் தூதரகங்கள் இரண்டும் உள்ளன. அமெரிக்க விசா பெற்று வெளியே வருபவரின் பயண நேரத்தை, அதே சாலையில் தூதரகம் வைத்துள்ள மற்றொரு நாட்டின் முடிவு நீட்டிக்கிறது. சுமார் 12,000 கி.மீ. தொலைவுள்ள வாஷிங்டனுக்கான நேரடி சேவையை 2025 செப்டம்பர் 1 முதல் ஏர் இந்தியா நிறுத்தியது. புதுப்பிப்புப் பணியால் ஏற்பட்ட விமானப் பற்றாக்குறையுடன் வான்பரப்புத் தடையையும் அந்நிறுவனம் காரணமாகக் குறிப்பிட்டது. வாஷிங்டன் செல்வோருக்கு நியூயார்க், சிகாகோ உள்ளிட்ட நகரங்களில் விமானம் மாறிச் செல்லும் வசதி அறிவிக்கப்பட்டது.