சுஷி: மீனை விடச் சோறே பெரிது

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அரிசிக் காடி, உப்பு, சர்க்கரை கலந்த சோறுதான் அதற்கு உயிர். மீன் மட்டுமென்றால் அது சாஷிமி. பிள்ளைகள் அலுவலாக ஜப்பான் போகும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

டோக்கியோவில் கின்ஸா பகுதியில் நான் சாப்பிட்ட உயர்தரக் கடையில் உணவுப் பட்டியலே கிடையாது. 'ஒமகாசே', அதாவது எல்லாம் சமையற்காரர் இஷ்டம். விலையை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்!

சோறு உடல் சூட்டில் இருக்கும். அவர் பிடித்து வைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். கையாலேயே எடுக்கலாம், நமக்குச் சொல்லவா வேண்டும்? சோயா சாஸை அவரே தடவியிருந்தால் மேலும் வேண்டாம். இல்லையெனில் மீன் பக்கத்தை மட்டும் தொடுங்கள். சோறு நனைந்தால் உதிரும்.

சைவர்கள் இடம் பதியும்போதே கேட்டுவிடுங்கள். வெள்ளரிக்காய் சுஷி உண்டு. ஆனால் சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்.